சனிப்பெயர்ச்சிக்கு ஏன் இரண்டு தேதி? பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டில் காலங்காலமாகப் பாம்புப் பஞ்சாங்கம். அதன்படி சனி மீனத்துக்கு வந்தது 2026 மார்ச் 6. ஜாதகம் பார்த்த இடத்தில் 2025 மார்ச் 29-லேயே வந்துவிட்டார் என்கிறார்கள். எனக்கு மேஷ ராசி. ஏழரை எப்போது ஆரம்பித்தது? வக்ரம், அஸ்தமனம், கிரகணம் என்று பலன் சொல்கிறார்களே, இதையெல்லாம் சென்னையில் மொட்டைமாடியில் நின்று பார்த்துச் சரிபார்க்க முடியுமா?"

முடியும். ஒரு கிரகம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது நம்பிக்கை சார்ந்த விஷயம் இல்லை. அதற்கு என்ன பலன் என்பது மரபு சொல்வது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இருப்பிடத்தைப் பொறுத்தவரை, வானத்தில் தெரிவதோடு ஒத்துப்போகும்படி கணிக்கும் திருக்கணிதம் சரி, ஜாதகம் பார்த்த இடத்தில் சொன்னது அந்தத் தேதி. உங்கள் பாம்புப் பஞ்சாங்கம் பழைய வாக்கியங்களை வைத்துப் போடும் வாக்கியக் கணக்கு, அதில் சனி இப்போது ஏழெட்டு பாகை பின்தங்கியிருக்கிறது. ஆகவே ராசிக் கணக்கில் உங்களுக்கு ஏழரை 2025 மார்ச் 29-ல் ஆரம்பித்துவிட்டது. கோயிலில் அர்ச்சனையோ அபிஷேகமோ செய்யவேண்டுமென்றால் கோயில் அறிவிக்கும் வாக்கியத் தேதியில் செய்யுங்கள். திருநள்ளாறு உட்படப் பெரும்பாலான கோயில்கள் வாக்கியத்தைத்தான் பின்பற்றுகின்றன. அது வழிபாட்டு முறை, அதில் தவறு ஏதும் இல்லை.

"ஏழெட்டு பாகை" என்பது கடந்த மூன்று பெயர்ச்சிகளிலும் மாறாமல் வருகிறது. மகரத்துக்குச் சனி வந்தது திருக்கணிதப்படி 2020 ஜனவரி 24, வாக்கியப்படி 2020 டிசம்பர் 27. கும்பத்துக்கு 2023 ஜனவரி 17, 2023 டிசம்பர் 20. மீனத்துக்கு 2025 மார்ச் 29, 2026 மார்ச் 6. ஒவ்வொரு முறையும் பதினோரு மாத இடைவெளி. வாக்கியம் "இன்று நுழைகிறார்" என்று சொன்ன மூன்று நாட்களிலும் வானத்தில் சனி அந்த ராசியில் ஏழு, எட்டு பாகை கடந்துதான் நின்றது.

இதற்கு மறுக்க முடியாத சாட்சி 2020 டிசம்பர் 21. அன்று மாலை குருவும் சனியும் நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் ஒட்டி நின்றன. வெறும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே புள்ளி. திருக்கணிதத்தில் இரண்டும் மகரம் ஆறு பாகையில் இருந்தன. வாக்கியத்தில் குரு நவம்பர் 15-லேயே மகரத்துக்கு வந்துவிட்டார், சனி டிசம்பர் 27 வரை தனுசில். ஒட்டி நிற்கும் இரண்டு கிரகங்கள் வெவ்வேறு ராசியில் இருக்க வேண்டுமானால் ராசிச் சந்தி சரியாக அவற்றுக்கு நடுவே விழவேண்டும். அன்று அங்கே சந்தி இல்லை.

வாக்கியக் கணக்கு முட்டாள்தனமானது என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்காதீர்கள். சந்திர வாக்கியம் 248 நாட்களுக்கு 248 வாக்கியம். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அதே அண்மைக்கு வர 27.55 நாள். அப்படி ஒன்பது சுற்று சேர்ந்தால் ஏறக்குறைய 248. ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துகளும் எண்களாக மாறி அன்றைய சந்திரனின் ராசி, பாகை, கலையை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) தரும். அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளாமல், மனப்பாடமாகவே கிரகணம் கணித்தார்கள். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி 1825-ம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை, முன்பு சென்னை வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்த ஜான் வாரன் பதிவு செய்திருக்கிறார். குறை எங்கே என்றால், கிரகங்களின் சராசரி வேகத்தில் இருக்கும் துளி வித்தியாசம் நூற்றாண்டு நூற்றாண்டாகச் சேர்ந்துகொண்டே போகும். அவ்வப்போது வானத்தைப் பார்த்து பீஜ சம்ஸ்காரம் செய்து திருத்த வேண்டும். அந்தத் திருத்தம் நின்றுபோனது.

அதை மறுபடி செய்யவேண்டும் என்று குரல் கொடுத்தவர்களில் முக்கியமானவர் நம் ஊரில்தான் வேலை பார்த்தார். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை மையம் இருக்கும் வளாகத்தில் 1792-ல் கட்டப்பட்ட வானாய்வகம் இருந்தது. அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்த நிகழ்வைப் பற்றி மக்களுக்காகச் சிறு நூல் எழுதினார். காட்சியோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கத்தையும் கணித்து வெளியிட்டார். ஆகவே "திருக்கணிதம் வடநாட்டுச் சரக்கு" என்ற பேச்சு தவறு.

சந்திரனிலும் வாக்கியத்துக்குப் பிழை உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது மிகக் குறைவு, ஏனென்றால் கிரகணத்துக்குப் பொருந்தும்படி அமைந்த கணக்கு அது. அஷ்டமியை ஒட்டித்தான் பிழை பெரிதாகும், சுமார் இரண்டரை பாகை வரை போகும். நேரத்தில் நான்கைந்து மணி. இது திதி, நட்சத்திர முடிவு நேரத்தை மட்டும் பாதிப்பதில்லை. தசா இருப்பையும் (பிறக்கும்போது நடக்கும் தசையில் மீதியுள்ள காலம்) புரட்டிவிடும். ஒரு நட்சத்திரம் 13 பாகை 20 கலை. பிறந்தது பரணி, பூரம், பூராடமாக இருந்தால் சுக்கிர தசை 20 வருஷம், அப்படியானால் சந்திரனில் ஒரு பாகை பிசகினால் தசை ஒன்றரை வருஷம் நகரும். இரண்டரை பாகைக்கு மூன்றே முக்கால் வருஷம். "சொன்ன பலன் நடக்கவில்லை" என்பதில் கணிசமான பங்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைவிட மோசமானது இரண்டையும் கலப்பது: வாக்கியத்தில் எழுதிய ஜாதகத்தை வைத்துக்கொண்டு திருக்கணிதக் கோசாரம் (கிரகங்களின் இன்றைய நகர்வு) பார்ப்பது. பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்து ஜாதகத்தையே திருக்கணிதத்தில் ஒருமுறை மறுபடி கணித்துவிடுங்கள். சந்திரன் ராசிக் கடைசியில் இருந்தால் உங்கள் ராசியே மாறக்கூடும்.

நீங்களே சரிபார்க்க ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளின் கணினிப் பதிப்பு போதும். இடத்தைச் சென்னை என்று வையுங்கள். தேதியையும் நேரத்தையும் கொடுத்து, சனியைச் சொடுக்கினால் வரும் விவரங்களில் அன்றைய தேதிக்குரிய கிராந்தி வட்டத் தீர்க்காம்சத்தை (சூரியன் செல்லும் பாதையில் பாகையாக அளந்த இடம்) எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ம் ஆண்டுக்குரிய எண்ணும் பக்கத்திலேயே இருக்கும், அதை எடுத்தால் மூன்றில் ஒரு பாகைக்கு மேல் பிசகும். அந்த எண்ணிலிருந்து லாகிரி அயனாம்சத்தை, அதாவது மேல்நாட்டு ராசிச் சக்கரத்தின் தொடக்கத்துக்கும் நம்முடையதன் தொடக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, கழிக்க வேண்டும். 2026-க்கு அது 24 பாகை 13 கலை, ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு) கூடும். கழிக்க முடியாத அளவு சிறிய எண்ணாக இருந்தால் 360 சேர்த்துக்கொண்டு கழியுங்கள். 2026 மார்ச் 6 அன்று சனி சுமார் இரண்டரை பாகை. 360 சேர்த்தால் 362½, அதில் 24¼ போனால் 338¼. முப்பதால் வகுத்தால் பதினோரு ராசி முடிந்து மீதி எட்டேகால். மீனம் எட்டேகால் பாகை. வாக்கியப்படி அன்றுதான் பூஜ்யம்.

இந்தக் கழித்தலைச் செய்யாமல் விடுவதுதான் இணையத்தில் பார்க்கும் பல பயமுறுத்தல்களுக்குக் காரணம். மேல்நாட்டுச் சாயன முறையில் 2026 பிப்ரவரியிலிருந்து சனி மேஷத்தில். அதைப் பார்த்துவிட்டு "சனி நீசமாகிவிட்டார்" என்று யாராவது சொன்னால் அது நம் கணக்கு இல்லை. அவர்கள் முறைக்கு அது சரி. நம் நிராயண முறையில் சனி அப்போதும் மீனத்தில்தான்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், மீன ராசிப் பகுதியில் பிரகாசமான விண்மீன் கிடையாது என்பது பெரிய வசதி. மங்கலான பரப்பில் மஞ்சள் சாயலோடு, சிமிட்டாமல் நிற்கும் ஒரே புள்ளி சனி. 2026 அக்டோபர் 4-ல் சூரியனுக்கு நேர் எதிரே வருகிறது. அந்தச் சமயத்தில் சூரியன் மறையும் நேரத்துக்குக் கிழக்கில் உதிக்கும். மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் எதுவானாலும் கடல் பக்கம் பார்த்து நிற்கலாம். உதித்து ஒன்றரை மணி நேரம் கழித்துப் பாருங்கள், அதற்கு முன் கடல்மேல் தேங்கும் ஈரப்புகை மறைத்துவிடும். அக்டோபர் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை மேகம் வந்துவிடுமாதலால் செப்டம்பர் இரவுகளை விட்டுவிடாதீர்கள். சனிக்கு இடப்பக்கம் சற்று உயரத்தில் நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்கும். முன்னால் உதிக்கும் இரண்டும் பூரட்டாதி, பின்னால் வரும் இரண்டும் உத்திரட்டாதி. கையை நீட்டி மூடிய முஷ்டி பத்து பாகை, நடு மூன்று விரல் சேர்த்து ஐந்து, சுண்டுவிரல் ஒன்று. எட்டு பாகை எவ்வளவு பெரிய பிழை என்பது முஷ்டியைத் தூக்கிப் பார்த்தவுடன் தெரியும்.

இனி பலன். சனி மீனத்தில் இருக்கும்போது மேஷத்துக்கு விரயச் சனி, மீனத்துக்கு ஜென்மச் சனி, கும்பத்துக்குப் பாதச் சனி. சிம்மத்துக்கு அஷ்டமம், கன்னிக்குக் கண்டகம், தனுசுக்கு அர்த்தாஷ்டமம். ரிஷபம், துலாம், மகரம் மூன்றுக்கும் நல்ல இடம். இது எல்லாருக்கும் தெரிந்த மேலோட்டமான பட்டியல். ஆனால் சென்னையில் மேஷ ராசிக்காரர்கள் எத்தனை லட்சம் இருப்பார்கள்? எல்லாருக்கும் ஒரே நாளில் ஏழரை தொடங்கும் என்பது ராசியை ஒரு பெட்டியாகப் பார்ப்பதால் வருவது. பாகையில் பார்க்கும் மரபு ஒன்று உண்டு: பிறந்தபோது சந்திரன் நின்ற பாகைக்கு முன் 45, பின் 45, மொத்தம் 90 பாகை. அதைக் கடக்கவும் சனிக்கு அதே ஏழரை வருஷம்தான்.

இப்படிப் பார்த்தால் உங்கள் கேள்வியின் உண்மையான முகம் தெரியும். சந்திரன் மேஷம் 2 பாகையில், அதாவது அசுவினி முதல் பாதத்தில் இருந்தால், 45 பாகை முன்னால் என்பது கும்பம் 17. சனி அங்கே வந்தது 2024 மார்ச். சந்திரன் மேஷம் 28-ல், கார்த்திகை முதல் பாதத்தில் இருந்தால், அந்த இடம் மீனம் 13. சனி அங்கே வருவது 2026 ஏப்ரல். ஒரே ராசிக்குள் இரண்டு வருஷ வித்தியாசம். கார்த்திகைக்காரர் "எனக்கு 2026-ல்தான் பிடித்தது, வாக்கியம் சரி" என்பார். அசுவினிக்காரர் "திருக்கணிதமே தாமதம்" என்பார். இருவர் அனுபவமும் உண்மையாக இருக்கலாம், அதை வைத்துப் பஞ்சாங்கத்தைத் தீர்மானிக்கத்தான் கூடாது.

அடுத்து பார்க்கவேண்டியது அஷ்டகவர்க்கம், ஒவ்வொரு ராசிக்கும் பரல் என்ற மதிப்பெண் போடும் கணக்கு. சனிக்கு மட்டும் தனியாகப் போடும் பிந்நாஷ்டகவர்க்கத்தில் பன்னிரண்டு ராசிக்கும் சேர்த்து மொத்தம் 39 பரல். சராசரி மூன்றேகால். உங்கள் ஜாதகத்தில் மீனத்துக்கு நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் விரயச் சனி வீடு கட்டுவது, பிள்ளைகள் படிப்பு என்று பயனுள்ள செலவாகப் போகும். ஒன்று, இரண்டு என்றால் தூக்கம், கால், மருத்துவச் செலவில் கவனம் வேண்டும். எல்லாக் கிரகங்களையும் சேர்த்த சர்வாஷ்டகவர்க்கத்தில் மொத்தம் 337, ராசிக்குச் சராசரி 28. மீனம் 30-ஐத் தாண்டியிருந்தால் கடுமை குறையும். இந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் ஏழரைக்குப் பலன் சொல்பவரிடம் பரிகாரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

இன்னும் நுணுக்கமாகப் போனால் கக்ஷ்யை. ஒரு ராசியை எட்டாக வகுத்தால் ஒன்று 3 பாகை 45 கலை. வரிசை: சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், லக்னம். மீனத்தில் எந்தெந்தக் கிரகம் சனிக்குப் பரல் கொடுத்திருக்கிறதோ, அதன் பகுதியில் சனி நகரும் மாதங்கள் சுலபமாகப் போகும். சராசரியாக ஒரு பகுதிக்கு மூன்றே முக்கால் மாதம். எட்டு பாகைப் பிழை இங்கேதான் உண்மையில் கெடுக்கிறது: இரண்டு கக்ஷ்யை முழுதாகத் தவறிவிடும். செவ்வாயின் பகுதியில் சனி நிற்கும்போது நீங்கள் சனியின் சொந்தப் பகுதியைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

வக்ரத்தைப் பற்றி. எந்தக் கிரகமும் உண்மையில் பின்னோக்கிப் போவதில்லை. வேகமாகச் சுற்றும் பூமி உள்வட்டத்தில் சனியைத் தாண்டிப் போகும்போது, பின்னணி விண்மீன்களோடு ஒப்பிட்டால் சனி பின்வாங்குவது போலத் தெரியும். செவ்வாய், குரு, சனிக்கு ஒரு சுலபமான விதி: கிரகத்திலிருந்து எண்ணி ஏறத்தாழ ஐந்தாம் இடத்துக்குச் சூரியன் வரும்போது வக்ரம் ஆரம்பம், ஏழில் வரும்போது நடு, ஒன்பதில் நிவர்த்தி. சனிக்கு வருஷம் நாலரை மாதம், குருவுக்கு நான்கு மாதம். செவ்வாய்க்கு இரண்டு வருஷம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இரண்டரை மாதம். சுக்கிரனுக்குப் பத்தொன்பது மாதத்துக்கு ஒருமுறை சுமார் 42 நாள், புதனுக்கு வருஷம் மூன்று முறை மூன்று வாரம். வக்ரத்தின் நடுவில் வெளிக்கிரகம் பூமிக்கு மிக அருகில், மிகப் பிரகாசமாக, இரவு முழுக்கத் தெரியும். வக்ர கிரகத்துக்குச் சேஷ்டா பலம் (இயக்கத்தால் வரும் பலம்) முழுமை என்று நூல்கள் சொல்வது இந்தக் காட்சியோடு அப்படியே பொருந்துகிறது. வக்ரம் என்றாலே கெடுதல் என்பது தவறு. எடுத்த காரியம் மறுபரிசீலனைக்கு வரும், முடிந்தது என்று நினைத்தது திரும்ப வரும் என்று சொல்வதே சரி.

பலனில் வக்ரம் செய்யும் பெரிய வேலை, ஒரே பாகையை மூன்று முறை கடப்பது. 2025-ல் சனி மீனம் 7¾ வரை போய் ஜூலை 13-ல் நின்று, பின்வாங்கி, நவம்பர் 28-ல் 1 பாகை அருகே மறுபடி நேராகத் திரும்பியது. உத்திரட்டாதி முதல் பாதத்தில், மீனம் 4-ல் சந்திரன் இருப்பவருக்கு 2025 மே, செப்டம்பர், 2026 ஜனவரி என மூன்று முறை சனி தலைமேல் கடந்தது. முதல் முறை பிரச்சினை தலைகாட்டும், இரண்டாவதில் அழுத்தும், மூன்றாவதில் முடிவுக்கு வரும் என்பது கோசாரம் பார்ப்பவர்களின் வழக்கமான வாசிப்பு. 2026-ல் ஜூலை கடைசியில் இருபதரை பாகை அருகே நின்று, டிசம்பரில் பதின்மூன்றரை அருகே திரும்புகிறது. அந்த இரண்டு எல்லைக்குள், அதாவது 13½ முதல் 20½ பாகைக்குள், சந்திரனோ லக்னமோ நிற்கும் மீனம், கன்னிக்காரர்கள் அந்தக் காலத்தைக் கவனமாகப் பார்க்கவேண்டும்.

வக்ரத்தைக் கண்ணால் பார்க்கச் சனியைவிடச் செவ்வாய் நல்லது. 2027 ஜனவரி 10 முதல் ஏப்ரல் 1 வரை செவ்வாய் வக்ரம், சிம்மத்திலிருந்து கடகத்துக்குப் பின்வாங்குகிறது. வழியில் மக நட்சத்திரத்தின் வெள்ளை விண்மீனைத் தாண்டும். ஜனவரி முதல் வாரத்திலிருந்து வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், இரண்டுக்கும் நடுவே எத்தனை விரல் என்று குறித்து வாருங்கள். பிப்ரவரி 19-ஐ ஒட்டிச் செவ்வாய் உச்சப் பிரகாசத்தில் செக்கச்செவேலென்று இருக்கும். சென்னையின் தெளிவான மாதங்கள் அவை.

அஸ்தமனம் எளிது. சூரியனுக்கு மிக அருகில் வந்து ஒளியில் மறைவது. சந்திரனுக்கு 12 பாகை, செவ்வாய் 17, புதன் 14, குரு 11, சுக்கிரன் 10, சனி 15. வக்ரத்தில் புதனுக்கு 12, சுக்கிரனுக்கு 8. குருவோ சுக்கிரனோ மறைந்திருக்கும் நாட்களில் திருமணம் தவிர்ப்பது முகூர்த்த விதி. 2026 ஜூலை 29-ல் குரு சூரியனோடு சேர்வதால், அதற்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு வாரம் குரு மறைவு. சென்னையில் தெலுங்குக் குடும்பங்கள் மூடம் என்று கண்டிப்பாகத் தள்ளிவைக்கும். தமிழ் வீடுகளில் பலர் அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை. சம்பந்தி வீட்டார் தெலுங்கர் என்றால் மண்டபம் முன்பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கிரகணத்தில் முதல் விதி, நம் ஊரில் தெரியாத கிரகணத்துக்கு நமக்குத் தீட்டும் இல்லை, பரிகாரமும் இல்லை. 2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் சென்னை வானத்தில் 9.57-க்கு ஆரம்பித்து 1.26-க்கு முடிந்தது. அது கணக்கில் வரும். 2026 மார்ச் 3-ல் முழு மறைப்பு மாலை ஐந்தரை மணியோடு முடிந்துவிட்டது, நிலா கடலிலிருந்து எழும்போதே ஆறேகால். 6.47-க்குக் கிரகணம் முடிந்ததால் நமக்குக் கிடைத்தது கடைசி அரைமணி மட்டும். இப்படிப் பிடிபட்ட நிலையிலேயே உதிப்பதைக் கிரஸ்தோதயம் என்பார்கள். நிலா உதித்ததிலிருந்து மோட்சம் (கிரகணம் விடுவது) வரை உள்ள நேரமே நமக்குப் புண்ணிய காலம். வடநாட்டுப் பட்டியலில் 3.20 என்று ஆரம்ப நேரம் போட்டிருந்தால் அதைச் சென்னைக்கு அப்படியே எடுக்கக்கூடாது. பிறகு, கிரகணம் நடந்த நட்சத்திரமும், அதற்குப் பத்தாவதும், பத்தொன்பதாவதும் சாந்தி செய்துகொள்ள வேண்டியவை. மார்ச் 3-ல் பூரம், ஆகவே பூராடம், பரணியும் சேரும். 2026 ஆகஸ்ட் 12 சூரிய கிரகணமும் ஆகஸ்ட் 28 சந்திர கிரகணமும் இங்கே தெரியாது. விட்டுவிடலாம்.

கிரகங்களின் அணிவகுப்பு என்று செய்தி வந்தால் ஒன்றும் செய்யவேண்டாம். பாதி வானத்தில் பரவி நிற்பது சேர்க்கை ஆகாது. ஒரே ராசியில் கூடுவதுதான் கணக்கு. 1962 பிப்ரவரியில் மகரத்தில் எட்டு கிரகம் கூடியபோது உலகம் அழியும் என்று நாடெங்கும் யாகம் நடந்தது. உலகம் இருந்தது. கூட்டுச் சேர்க்கைக்குத் தனி ஜாதகத்தில் அந்த ராசி எத்தனையாம் வீடு என்பதை வைத்துத்தான் பலன், ஊருக்கெல்லாம் ஒரே பலன் சொல்ல வழியில்லை.

உங்கள் மேஷ ராசிக்கு வருவோம். திருக்கணிதப்படி சனி மேஷத்துக்கு வருவது 2027 ஜூன் 3. வக்ரத்தில் அக்டோபரில் மீனத்துக்குத் திரும்பி, 2028 பிப்ரவரியில் மறுபடி மேஷத்துக்கு வந்து நிலைக்கும். மேஷம் சனிக்கு நீச வீடு என்பதால் ஜென்மச் சனி விரயச் சனியைவிடக் கவனம் கேட்கும். அசுவினி என்றால் 2027 ஜூன் முதல் அக்டோபர் வரையிலான அந்த முதல் நுழைவே உங்களைத் தொடும். புதுக் கடன், ஜாமீன் கையெழுத்து, வேலையை விட்டுவிட்டுத் தொழில் என்ற முடிவுகளை அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள், அல்லது 2028 நடுவரை தள்ளிப்போடுங்கள். பரணி, கார்த்திகை முதல் பாதம் என்றால் 2027-ன் நுழைவு லேசாகவே இருக்கும். வழிபாட்டுக்குத் திருநள்ளாறு போக முடியாவிட்டால் பம்மல் பக்கம் பொழிச்சலூர் அகஸ்தீஸ்வரர் கோயில் இருக்கிறது, வட திருநள்ளாறு என்றே பெயர். சனிக்கிழமை நல்லெண்ணெய் தீபம் போதும். ஆயிரக்கணக்கில் கேட்கும் ஹோமம் எதுவும் இந்தக் கணக்கில் கட்டாயம் இல்லை.